மாதையனின் கிரிவலம்

ராசிபுரத்தில் அந்தத் தெருவில் பெரிய பக்திமான் யார் என்று கேட்டால், யோசிக்காமல் லாரி பெயிண்டர் மாதையன் வீட்டைக் கைகாட்டுவார்கள். பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிற மனிதர். மழையோ, காய்ச்சலோ, நாமக்கல் பட்டறையில் அவசர வேலையோ, அன்று மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். மறுநாள் காலை திருநீற்றுப் பொட்டலத்தோடு திரும்புவார். எதிர்வீட்டுப் பாவாயி அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வாள்.

திருநீறு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கியது. திருவண்ணாமலையை மாதையன் காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி. பௌர்ணமி நிலா கிளம்பினால் அவர் ஓநாய் ஆகிவிடுவார். அவர் அப்பனுக்கும் அப்படித்தான் இருந்தது. சாபமா, ரத்தமா என்றெல்லாம் ஆராய அவருக்கு நேரமில்லை. யாரையும் கடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் கவலை. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால், போதமலை அடிவாரத்தில், தண்ணீர் வற்றிப் பல வருடமான கிணறு ஒன்று உண்டு. இருட்டுவதற்குள் கயிற்று ஏணியில் இறங்கிவிடுவார். மனுசன் அதில் ஏறலாம், நாலுகால் பிராணி ஏற முடியாது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு அவர் ராசாத்தியைக் கட்டிக்கொண்டார். அவள் முதல் புருசன் லாரி டிரைவர், ரோட்டிலேயே போய்ச் சேர்ந்தவன். மூன்றாம் மாதமே ராசாத்திக்கு விசயம் தெரிந்துவிட்டது. மறுநாள் அவள் சொன்னாள்: "மாசத்துல ஒருநாள்தானுங்க. குடிகாரனக் கட்டியிருந்தா முப்பது நாளும் இதே கததான்."

அவளோடு வந்த மகள் கயல்விழிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று மாதையன் சத்தியம் வாங்கிக்கொண்டார். தன்னைப் பார்த்து அந்தப் பிள்ளை மிரண்டுவிட்டால் அவரால் தாங்க முடியாது. சைக்கிள் ஓட்டப் பழக்கினார். சைக்கிளின் பின் தகட்டில் லாரிக்கு எழுதுவதுபோல நிழல் வைத்து அவள் பேரை எழுதிக் கொடுத்தார். அதைப் பள்ளிக்கூடமே வந்து பார்த்தது. ஆனாலும் அவள் அவரை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டாள். அவரும் எத்தனையோ லாரி முதுகில் 'அப்பாவின் ஆசி' என்று எழுதியிருக்கிறார். எழுதும்போதெல்லாம் அந்த முதல் சொல்லில் பிரஷ் கொஞ்சம் நின்றுதான் நகரும்.

நம் ஊரில் ஒரு கொடுமை, நல்ல நாள் பாதி பௌர்ணமியில்தான் வந்து விழுகிறது. தைப்பூசமா, சித்ரா பௌர்ணமியா, கார்த்திகை தீபமா, ஒன்றுக்கும் மாதையன் வீட்டில் இருந்ததில்லை. ஊர் அதைப் பக்தி என்றது. வளர்ந்த பெண்ணுக்கு வேறு மாதிரித் தோன்றியது.

இந்த வருடம் கயல்விழி நர்ஸ் படிப்பை முடித்து, பெங்களூரில் வேலையும் வாங்கிவிட்டாள். கார்த்திகை தீபம் முடிந்த திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். தீபத்துக்கு முந்தின நாள் அகல் விளக்கைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நாளைக்காவது ஊட்டுல இருங்களே. அடுத்த நோம்பிக்கு நான் எங்க இருப்பனோ."

அது மாதையன் ஒன்பது வருடமாகக் காத்திருந்த அழைப்பு.

"நேத்திக்கடன் சாமி. உட முடியாது."

கையிலிருந்த விளக்கை அவள் கீழே வைத்தாள். "கோயிலுக்குத்தான் போறீங்களா? இல்ல, இன்னொரு ஊடு இருக்குதுங்களா?"

அவர் கொடியில் கிடந்த துண்டை உருவிப் பையில் திணித்தார்.

மறுநாள் வழக்கம்போல நாமகிரிப்பேட்டையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, கிணற்றுக்குள் இறங்கினார். வேட்டி சட்டையைச் சுவரில் ஒரு பொந்தில் திணித்துவிட்டு, துண்டோடு குத்தவைத்தார். இந்நேரம் வீட்டில் வாசல் முழுக்க விளக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது, மேலே வட்டமான வானத்தில் ஒரு தலை எட்டிப்பார்த்தது.

"இங்கதான் கிரிவலமுங்களா?"

கயல்விழி. அதே பஸ்ஸில் பின்படியில் ஏறி, பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"போயிரு சாமி! உன் காலுல உழுகறேன், போயிரு! அம்மாளக் கேளு, சொல்லுவா. இங்க நிக்காத!"

அவள் நகரவில்லை. கிணற்றின் கிழக்கு விளிம்பு நிலா வெளிச்சத்தில் வெளுத்தது.

அதற்கப்புறம் நடந்தது மாதையனுக்குத் தெரியாது. ஓநாயின் இரவு மனுசனுக்கு ஒருபோதும் ஞாபகம் இருந்ததில்லை.

விடிந்தபோது உடம்பு முறித்துப்போட்டதுபோல வலித்தது. சட்டையை மாட்டிக்கொண்டும் வெகுநேரம் ஏணியைத் தொடவில்லை. பார்த்திருப்பாள், பயந்து ஓடியிருப்பாள், இனி அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பது? ஒருவழியாக ஏறி வந்தார்.

கயல்விழி கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள், குதிகால் இரண்டும் கொப்பளித்திருந்தன. கிணற்றைச் சுற்றிலும் புழுதியில் காலடித் தடம். ஒன்றின்மேல் ஒன்றாக மிதித்து மிதித்து, ஒரு பாதையே விழுந்திருந்தது.

"பயமா இல்லியா சாமி?"

"பயந்துக்கிட்டுத்தான் சுத்துனனுங்க. நான் நின்னா நீங்க ஊளையிட்டீங்க. நடந்தா அடங்கிட்டீங்க. என்ற காலடியவே கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தீங்க. அம்மாளுக்குப் போன் போட்டேன். 'எறங்காத, மேலயே இரு'ன்னுச்சு. அதான், நிக்காம நடந்தேன்."

மாதையன் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து அழுதார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ராசிபுரத்தில் இறங்கியதும் அவர் திருநீற்றுக் கடையை மறந்து நடந்தார். அவள்தான் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். தெருமுனையிலேயே பாவாயி பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, தீபம் நல்லாப் பாத்தீங்களா?"

மாதையன் வாயைத் திறப்பதற்குள் கயல்விழி முந்திக்கொண்டாள். "எங்கப்பாகூட நானும் போயிருந்தேனுங்கக்கா. விடிய விடியச் சுத்துனேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமேங்க. என்ற காலப் பாருங்க."

பாவாயி காலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாதையன் வேறு பக்கம் திரும்பி நின்றார். எங்கப்பா. நடுத்தெருவில், வெயிலில், ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை பெங்களூரு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியே சொன்னாள்: "மார்கழிப் பௌர்ணமிக்கு லீவு சொல்லிருக்கேங்கப்பா. வந்துருவேன்."

வீட்டுக்கு வந்த மாதையன் நேராகத் தினசரிக் காலண்டர் முன்னால் போய் நின்றார். பௌர்ணமித் தாளை எப்போதும் பார்க்காமலே கிழித்து எறிகிற மனிதர், அன்று ஒவ்வொரு தாளாகத் தூக்கி அந்த வெள்ளை வட்டத்தைத் தேடினார்.

"ஏனுங்க, இன்னும் எத்தன நாளு?" என்றாள் ராசாத்தி அடுப்படியிலிருந்து.

"ரொம்ப நாளு கெடக்குது," என்றார் மாதையன்.