தனி அடுப்பு

"கார்டு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். நெஞ்சுவலி என்று அப்பாவை மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் கவுன்ட்டரில் இந்தக் கேள்வி. அரசுக் காப்பீட்டு அட்டையைக் கேட்கிறார்கள். குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் அது கிடைக்கும். நானும் மனைவியும் கப்பலூரில் வேலை பார்க்கிறோம். வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டோம். ஆபரேஷனுக்குக் கட்டும் அளவுக்குத் தாண்டவில்லை.

அந்த வராந்தா முழுக்க வயதானவர்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஃபைலைப் பிடித்தபடி ஒரு மகனோ மகளோ. இத்தனை பேருக்கும் அரசாங்கம் எங்கிருந்து கொடுக்கும் என்று நினைத்தேன். எனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

கம்பெனியில் கூட வேலை பார்ப்பவன்தான் வழி சொன்னான். "அண்ணே, ஒங்க ரேஷன் கார்டுல இருந்து அப்பா பேர எடுத்துட்டு, அவருக்குத் தனிக் கார்டு போடுங்க. அவருக்கு என்ன வருமானம் இருக்கு? அத வச்சுக் காப்பீடு வாங்கிரலாம். ஆனா தனி அடுப்பு இருக்கணும். பாக்க வருவாக."

ஆனையூர் வீட்டின் பின்னறையில் ஓர் அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு தட்டு வைத்தேன். கூசத்தான் செய்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதிகாரி வந்தார், எட்டிப் பார்த்தார், போனார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அன்று மதியம் அப்பா சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால் அந்த அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா இது? அதான் பாத்துட்டுப் போயிட்டாகள்ல. வாங்க."

"திரும்ப வந்து பாத்தா?"

கார்டும் வந்தது, காப்பீடும் கிடைத்தது, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள். அப்பா மாறவில்லை. பின்னறையில் ஒரு மூடி விழுந்தால்கூட நான் ஓடினேன். ஒருநாள் மனைவி கொண்டுபோன மீன்குழம்பைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, கத்திவிட்டேன்.

அப்பா பதறிப்போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

"சத்தம் போடாதய்யா. ஆபரேசன் முடியட்டும். அதுவரைக்கும் அப்பனுக்குச் சோறு போடாத மகனாவே இருந்துக்க."