வலது பக்கக் கண்ணாடி

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். ஒரு நாள் கம்பிக் கட்டு சரிந்து அவருடைய வலது கால் நசுங்கியது. எலும்பு கூடிய பிறகும் பாதத்தை ஊன்றி அழுத்த முடியவில்லை. மாமனார் விட்டுப்போன பழைய அம்பாசிடர் வாசலில் நின்றது. பிரேக் மிதிக்க ஆள் இல்லை. அப்போது அவரேதான் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், தண்ணீர் வற்றிய ஏரியில். ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாவம்.

அந்தப் பக்கத்தில் பொம்பளை கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. காலையில் அவரைக் கம்பெனியில் விடப் போகும்போது சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஒரு நாள் ஷிப்டு மாறுகிற நேரம். கம்பெனி கேட்டுக்குள் திருப்பும்போது வலது பக்கக் கண்ணாடி இரும்புக் கதவில் இடித்து நொறுங்கியது. வெளியே வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். "பரவால்ல, நீ போ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இவர் யாரையும் பார்க்காமல் கைத்தடியை ஊன்றி உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். கண்ணாடியைப் பிடித்திருந்த ஸ்க்ரூ துருவேறி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகினார். தலைதான் உடைந்து வந்தது. பக்கத்தில் புதிதாக ஓட்டை போட்டால்தான் வேறு கண்ணாடி மாட்டலாம் என்றார். நேரமாகும் என்றதும் இவர் பின்னாலிருந்த டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே கம்பெனி ஆட்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

மாட்டி முடித்ததும் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். "ஸ்டேரிங்ல குந்திப் பாருங்கம்மா. நான் திருப்பிக்கினே வரேன், பின்னால தெரிஞ்சா சொல்லுங்க."

முதலில் வானம் தெரிந்தது. பிறகு ஒரு லாரியின் கூரை. பிறகு டீக்கடை. பெஞ்சுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் இல்லாத ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, முழங்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு திருப்புத் திருப்பினார். உடனே எதிலோ இடித்தது போலத் துள்ளினார். பெஞ்சில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது" என்றேன்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். சட்டென்று குனிந்து நட்டை முடுக்க ஆரம்பித்தார். அவர் பார்த்துவிட்டாரே என்று நானும் சிரித்துவைத்தேன், எனக்கும் அது வேடிக்கைதான் என்பது போல. என் வீட்டுக்காரர் நடித்ததைவிட நான் சிரித்தது இன்றைக்கும் கூசுகிறது.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, "கண்ணாடில தெரிஞ்சுதுங்க" என்றேன்.

ரயில் போன பிறகு அவர் சொன்னார்: "பொண்டாட்டி வண்டில போறவன்னு என்னைத்தான் சிரிச்சிக்கினு இருந்தானுங்க. உன்னைக் காட்டிட்டு நான் தப்பிச்சிக்கினேன்."

மறுநாள் என்னை எழுப்பாமலே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் வாசலுக்கு ஓடி வந்தபோது தெருமுனையில் பஸ் நின்றிருந்தது. அவரால் படியில் கால் வைக்க முடியவில்லை. கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார், பின்னாலிருந்து ஒருவர் தள்ளினார். மூட்டையை ஏற்றுவது போல இருந்தது. "இன்னா, வண்டி ரிப்பேரா?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டாள். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாளும் அவர் பஸ்ஸுக்கே போனார். நான் காரை எடுத்துக்கொண்டு ஸ்டாப்பில் அவர் எதிரே போய் நிறுத்தினேன். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்க எங்களையே பார்த்தது. இறங்காமல், இடது பக்கத்துக் கதவை மட்டும் எட்டித் திறந்துவிட்டேன். அவர் காது மடல் சிவந்திருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

வழி முழுக்க அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பெனி வாசலில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து, "சாயந்திரம் வந்துடு" என்றார்.

போனேன்.