பதினான்காம் மேசைக்கு ஆள் இருக்கிறது

புவா தியாம் ஹொக் தன் கல்யாண விருந்துக்கே தாமதமாகப் போனவர். விருந்து நடந்த ஹோட்டலின் மின்தூக்கியில் பன்னிரண்டு பேர்தான் ஏறலாம் என்று எழுதியிருந்தது. கதவு மூடும் நேரத்தில் தலைகளை எண்ணினார். பதின்மூன்று. கடைசியாக ஏறியவர் யார் என்று பார்த்தார். அவரேதான். கோட்டும் டையுமாக இறங்கி, ஒன்பது மாடி படியேறிப் போய்ச் சேர்ந்தபோது சூப்பு முடிந்து மீன் வந்துவிட்டது. மணப்பெண் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம், கண்ணை மூடும்வரை, அந்த மீனைப் பற்றியே பேசினாராம்.

மின்தூக்கிப் பரிசோதகர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் இப்படி என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வேலையில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், எல்லோருமா தங்கள் கல்யாணத்தில் படியேறினார்கள்? இது பிறவிக் கோளாறு.

தோ பாயோ வட்டாரத்தில் எங்கள் உணவங்காடியில் நான் தேநீர் ஆற்றுகிறேன், இருபத்திரண்டு வருஷமாக. என் பக்கத்துக் கடை வான்தான் மீ கடை: மீ என்றால் நூடுல்ஸ், வான்தான் மாவுத்தோலில் இறைச்சி பொதிந்த உருண்டை. கடைக்காரர் லோக் மூய் கெங். எனக்கு அக்கா. மற்றவர்களுக்கு அறுபத்தெட்டு வயதுச் சண்டைக்காரி. கடை திறந்தபின் அவர் அடுப்பை விட்டு வெளியே வந்தோ, எங்காவது உட்கார்ந்தோ நான் பார்த்ததே கிடையாது. நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வது பாதி மலாய், பாதி ஹொக்கியன், மிச்சம் கைஜாடை. தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

லோக் அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு நம்பிக்கை. வெந்நீரிலிருந்து எடுத்த மீ மூன்று நிமிஷத்தில் செத்துவிடும். அதற்குள் கருப்பு சாஸும் பன்றிக் கொழுப்பும் மிளகாயும் சேரக் கிளறி வாயில் போட வேண்டும். தாமதித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். தட்டைப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால், "படத்தையே தின்னு, போ!" என்று கத்துவார். ஒருமுறை, வாங்கிய தட்டோடு கைபேசியில் பேசிக்கொண்டு நின்றவன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அவன் பேசி முடித்துவிட்டுத் தட்டைத் தேடினான், பாவம்.

புவா தினமும் காலை ஏழு இருபதுக்கு வருவார்.

"கீரை வேணாம்," என்பார்.

"தெரியும்," என்பார் லோக் அக்கா. நாலு தண்டு கீரையை எடுத்து மீயின் மேல் போடுவார்.

புவா தூணோரம் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பதினான்காம் மேசைக்குப் போவார். கீரையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவார். அடியிலிருந்து மேலாகப் பதினான்கு தரம் கிளறுவார். வான்தானை சூப்பில் ஒரு முக்கு முக்கி, வழுக்குகிற அந்த மேல்தோலை முதலில் உறிஞ்சி, பிறகு உள்ளே இருப்பதைக் கடிப்பார். மூன்று வாய் மீக்கு ஊறப்போட்ட பச்சை மிளகாய் ஒரு துண்டு. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறெந்த நேரத்திலும் பார்க்க வேண்டிய முகம் இல்லை அது. நான் இங்கே வருவதற்கு முன்பிருந்தே, இருபத்தாறு வருஷமாக இதுதான். அந்த நாலு தண்டு கீரையைத் தவிர இரண்டு பேருக்கும் நடுவில் வேறு பேச்சே இருந்ததில்லை.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் புவாவின் அடுக்குமாடி மின்தூக்கியில் ஆரஞ்சுப் பழப் பெட்டிகளோடு ஜனங்கள் நெருக்கியடித்து ஏறியிருக்கிறார்கள். இவர் எண்ணியிருக்கிறார். இறங்கியிருக்கிறார். பதினோராவது மாடியிலிருந்து படியில் வந்தவர் மூன்றாவது மாடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு போயிற்று. அறுவைசிகிச்சைக்குக் கொண்டு போகும்போதுகூட, ஆஸ்பத்திரி மின்தூக்கியில் படுத்த வாக்கிலேயே தலைகளை எண்ணி, ஒரு தாதியை இறங்கச் சொன்னாராம்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். கஞ்சியை முறைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"மாணி, பதினாலாம் மேசையில யாரு உக்காந்திருக்கா?"

"யார் யாரோ உக்கார்றாங்க அங்கிள். அதப் போயி இப்ப..."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சியை அப்படியே திருப்பி அனுப்பினார். அந்த ஆள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

லோக் அக்காவிடம் வந்து சொன்னேன்.

"உக்காரட்டுமே. மேசை என்ன அவங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார் கொத்துக்கத்தியை நிறுத்தாமல்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கடைக்கதவைத் தூக்கினால், எதிரில் பதினான்காம் மேசைக்குப் பக்கத்தில் லோக் அக்கா. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்தார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ ஒண்ணும் பாக்கல."

"நான் என்னத்தக்கா பாத்தேன்?"

"வெளிய சொன்னியோ, இனிமே உனக்கு மீ கிடையாது. நான் நல்லவள்னு தெரிஞ்சா ஒவ்வொருத்தனும் வந்து கூட ரெண்டு வான்தான் கேப்பான். கடைய மூட வேண்டியதுதான்."

திங்கள்கிழமை தவறாமல் அவர் கடை மீ சாப்பிடுகிறவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த மேசைக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கைப்பை கிடந்தால்கூட எடுத்துக்கொண்டு போகிறவன் ஒருத்தன் இருக்கலாம், டிஷ்யூ பொட்டலத்தை நகர்த்துகிறவன் பிறக்கவில்லை. வைத்தவர் சாப்பாடு வாங்கப் போயிருப்பார், வந்துவிடுவார். அவ்வளவுதான்.

முதல் நாள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டாவது வாரமும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"இன்னுமா வாங்குறாரு?" என்று மேசை துடைக்கிற சல்மா என்னிடம் கேட்டார்.

"வரிசை நீளமா இருக்கும் போல," என்றேன். வேறென்ன சொல்வது?

சல்மா பொட்டலத்தைத் தொடாமல் அதைச் சுற்றி வட்டமாகத் துடைக்கப் பழகிக்கொண்டார். ஜனங்கள் தூணில் சாய்ந்து நின்றபடி தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டார்கள். நாலு நாற்காலியும் காலியாக அவர்கள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

மூன்றாவது வாரம் ஒருவர் யோசித்திருக்கிறார். பொட்டலக்காரர் என்றைக்காவது வருவார், சாப்பிடுவார், எழுந்திருப்பார். அப்போது மேசை காலியாகும். அவர் தன் பொட்டலத்தை முதல் பொட்டலத்துக்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஜனங்களுக்கு வரிசை என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், பின்னால் நின்றாக வேண்டும். மூன்றாவது பொட்டலம் வந்தது. நான்காவது இடத்தில் ஒரு மடக்குக் குடை. மாதக் கடைசியில் ஆறு பொட்டலமும் ஒரு குடையும் மேசைமேல் ஒற்றை வரிசையில் நின்றன.

கடைக்காரர் சங்கத் தலைவர் ஆங் போ லியோங் இதற்கு ஒரு முடிவு கட்டுவதாகக் கிளம்பினார். 'இம்மேசை குறித்துச் சங்கத் தலைவரை அணுகவும்' என்று நாலு மொழியில் அச்சடித்து மேசையில் ஒட்டினார். அது போதாதா? சங்கமே மேசையைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மறுவாரம் இரண்டு பேர் வந்து அந்த ஒரு தூணுக்கு மட்டும் சாயம் அடித்துவிட்டுப் போனார்கள்.

"யாரு அங்கிள் வர்றா?" என்று ஆங்கைக் கேட்டேன்.

"அதான் எனக்கும் தெரியல. ஆனா தூணுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கான்னா ஆள் சின்ன ஆள் இல்ல," என்றார். மறுநாளிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தார்.

லோக் அக்கா மட்டும் தினமும் ஆறு மணிக்கு ஈரம்பட்ட பொட்டலத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டிருந்தார். எங்கே யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவருக்கு பயம். அதைவிட, புவா வராமலே போய்விடுவாரோ என்று பயம். அதை அவர் சொல்லவில்லை. பலகையில் வரவரப் பலமாக விழுந்த கொத்துக்கத்தி சொல்லிற்று.

விழுந்த நாற்பத்து நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபதுக்கு புவா வந்தார். நாலுகால் நடைச்சட்டத்தைத் தள்ளித் தள்ளி வந்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. கூட்டம் நெரிந்தது. அக்கா கடையில் இருபது பேர் வரிசை. புவா இருபத்தோராவதாகப் போய் நின்றார். முன்னால் போகச் சொன்னவர்களை முறைத்தார்.

அவர் முறை வந்தது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கீரை வேணாம்."

"தெரியும்."

நாலு தண்டு கீரை விழுந்தது. அவருக்குத் தட்டு தூக்க முடியாது என்பதால் நான் வாங்கிக்கொண்டேன். மீயிலிருந்து ஆவி பறந்தது. சட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன்.

பதினான்காம் மேசைக்கு முன்னால் நின்றார். நாலு நாற்காலியும் காலி. முகம் மலர்ந்தது. பிறகு குனிந்து மேசையைப் பார்த்தார்.

"ஆள் இருக்கு."

"அங்கிள், உக்காருங்க."

"ஆள் இருக்குய்யா. ஒண்ணு, ரெண்டு, மூணு... குடையோட ஏழு."

"நாப்பது நாளா யாரும் வரல. நீங்க உக்காருங்க, நான் சொல்றேன்ல."

"வாங்கப் போயிருப்பாங்க," என்றார். சட்டைப் பையிலிருந்து தன் டிஷ்யூ பொட்டலத்தை எடுத்தார். ஏழுக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளி விட்டு எட்டாவதாக வைத்தார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். பக்கத்து மேசையில் ஒரு பெண் பதறி எழுந்து இடம் கொடுத்தாள். "நீ பாதி சாப்பிட்டிருக்கே, உக்காரும்மா," என்று புவா சொல்லிவிட்டார். ஒரு நிமிஷம் போயிற்று. வலியில் அவர் காது மடல் வெளுத்தது. நான் வாயைத் திறந்தேன். கடைக்குள்ளிருந்து லோக் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடினேன்.

இரண்டு நிமிஷம். தட்டில் ஆவி அடங்கியது. அக்கா என்னைப் பார்ப்பதை விட்டு மீயைப் பார்க்க ஆரம்பித்தார். உதட்டைக் கடித்தார். கைக்கரண்டியால் பாத்திர விளிம்பில் தட்டினார். பெற்ற பிள்ளை தண்ணீரில் விழுந்ததைப் பார்க்கிற முகம் அது. மீயின் ஓரம் ஒட்டத் தொடங்கியிருந்தது, எனக்கே தெரிந்தது.

கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அடுப்பை எரியவிட்டு, இருபது பேரை நிற்கவிட்டு, மாவு படிந்த ஏப்ரனோடு லோக் அக்கா வெளியே வந்தார். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது.

"முட்டாப் பயலே, உக்காரு! மொதப் பொட்டலம் என்னோடது!"

ஆங் தன் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"ஒன்னோடதா?" என்றார் புவா. "எத்தன நாளா?"

"நாப்பது."

"அப்ப, நான் விழுந்து நாலாம் நாள்லேருந்தா?"

"அன்னிக்கு முந்தின நாளுதான் இவன் வந்து சொன்னான்." என் பக்கம் கை காட்டினார்.

"யாருக்குப் பிடிச்சு வெச்சே?"

அக்காவின் முகம் சிவந்தது. இவ்வளவு பேர் முன்னால் அதையும் சொல்ல வேண்டுமா? "தூணுக்கு," என்றார். "மீ சாவுது, உக்காருடா!"

புவா அசையவில்லை. "நீ பிடிச்ச எடம்னா நீதான் மொதல்ல உக்காரணும். நான் எப்படி உக்கார்றது?"

கூடத்தில் பலபேர் தலையை ஆட்டினார்கள். நியாயம்தானே?

அக்கா அவரைப் பார்த்தார், மீயைப் பார்த்தார், கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் பார்த்த இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கால் தரையில் முழுசாக எட்டவில்லை.

புவா சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். எதிர் நாற்காலியைக் காட்டி, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல முறையாகக் கேட்டார்.

"இங்க யாராச்சும் வர்றாங்களா?"

"நீதான் வரணும்னு இருந்துச்சு," என்றார் லோக் அக்கா. "வந்துட்டே. உக்காரு."

உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். மீ கட்டியாகிவிட்டிருந்தது. அக்கா வேறு போட்டுத் தருவதாக எழப் போனார். "நீ எழுந்தா எடம் போயிடும்," என்று புவா தடுத்துவிட்டு, அந்தக் கட்டியைப் பதினான்கு தரம் புரட்டினார். வான்தானை சூப்பில் முக்கி உறிஞ்சினார். அந்த முகம் வந்தது. நான் அழுகிற ஆள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அங்கேயே நின்று அழுதேன், டீக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க.

தட்டோரத்துக்கு ஒதுக்கிய கீரையை புவா இரண்டு குச்சியால் பிடித்து அக்கா பக்கம் நீட்டினார்.

"வேணாம்னு தினம் சொல்றேன்."

"தெரியும்," என்றார் அக்கா. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

அப்போது கையில் தட்டோடு ஒரு மனிதர் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டாவது பொட்டலத்துக்காரர். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று பணிவாகக் கேட்டார்.