பனிமலையில் நான்கு பேர்

மழை என்றால் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் மகன், மருமகள், பேத்தி, நான் ஆகிய நால்வரும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறையிலேயே அடைந்து கிடந்தோம். சமைக்கும் குசினிக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் மூன்று வெடிப்புகள். காலையில் இரண்டுதான் இருந்தன. மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறது, வேறிடம் இருந்தால் போய்விடுங்கள் என்று கிராம சேவகர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேறிடம் இருந்தது. கரவனெல்லையில் மருமகளின் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. ஆனால் அதற்கு வெளிப்பக்கமாகச் செங்குத்தான இரும்புப் படி. என் முழங்கால்கள் இரண்டும் அதற்கு ஒத்துவராது. ஆகவே யாரும் போகவில்லை.

பேத்தி ஒரு விளையாட்டுப் பெட்டியைத் திறந்து அட்டையை விரித்தாள். கொழும்பில் வீட்டு வேலை செய்யும் அவளுடைய சித்தி, அந்த வீட்டுப் பிள்ளைகள் கழித்துப் போட்டதென்று கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. பனிமலையில் சிக்கிய நான்கு பேர் பத்துச் சுற்றில் ஒன்றாகக் கீழே இறங்க வேண்டும். சுற்றுக்கு ஒரு ரொட்டிச் சீட்டு ஒவ்வொருவருக்கும் செலவாகும். சீட்டில்லாதவர் விறைத்துச் செத்துவிடுவார். ஒருவர் செத்தாலும் நால்வருக்கும் தோல்வி. விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் என்பதால் நான்தான் வாசித்துச் சொன்னேன். ரொட்டிச் சீட்டுகள் நாற்பது என்று போட்டிருந்தது. எண்ணினால் முப்பத்தெட்டு. அப்போதே எனக்கு மனம் சரியில்லை.

முதல் ஆட்டம் ஐந்தாம் சுற்றிலேயே முடிந்தது. எங்கள் வீட்டில் சோறானாலும் தேத்தண்ணியானாலும் முதலில் எனக்குத்தான். அந்தப் பழக்கத்தில் மருமகள் தனக்கு வந்த சீட்டுகளை என் முன்னால் வைத்துக்கொண்டே இருந்தாள். மகனும் வைத்தான். என்னிடம் பதினொன்று சேர்ந்தபோது அவளிடம் ஒன்றுமில்லை.

"அம்மா செத்துட்டாங்க," என்றாள் பேத்தி. "தாத்தா மட்டும் வயிறு ரொம்பி உக்காந்திருக்காரு."

"எனக்கு எதுக்கு இத்தன? எடுத்துக்கங்க," என்றேன்.

"மாமாவுக்குக் குடுத்தத எப்படித் திருப்பி வாங்குறது?" என்று மருமகள் சிரித்தாள்.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் மகனின் போன் அடித்தது. அவனுடைய மச்சான், மருமகளின் அண்ணன்தான். வேனோடு யட்டியாந்தோட்டையில் நிற்பதாகவும், பாதை அடைபடுவதற்குள் வந்து ஏற்றிக்கொள்ளட்டுமா என்றும் அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"அப்பாவுக்குப் படி ஏற ஏலாது மச்சான். மழை கொஞ்சம் விடட்டும், பாப்போம்."

"நான் ஏறுவேன்," என்றேன். "உக்காந்து உக்காந்து ஏறுவேன். இல்லன்னா என்னய கீழ கோயில்ல விட்டுட்டுப் போங்க."

"சும்மா இருங்கப்பா. கோயில்ல யாரு உங்களுக்குச் சோறு போடுவா?"

"புள்ளயவாவது அனுப்பு."

"நான் போனா மூணு பேரு எப்படி ஆடுறது?" என்றாள் பேத்தி, பகடையை உருட்டியபடி. "நாலு பேரு வேணும்."

மகன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். வேன் வரவில்லை.

சற்று நேரத்தில் பின்பக்கம் ஏதோ சரிந்து விழும் சத்தம். சின்னச் சத்தம்தான். மருமகள் எழுந்துபோய்க் குசினிக் கதவைச் சாத்தி, அரிசி மூட்டையை இழுத்து அதற்கு அண்டை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பத்துக் கிலோ மூட்டை. அதில் பாதி ஏற்கெனவே தீர்ந்திருந்தது.