அம்மா இளைத்த கதை

வீராம்பட்டினம் தேரன்று அம்மாவால் கூட்டத்தோடு நடக்க முடியவில்லை. பாதி வழியிலேயே மூச்சு வாங்கி, மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. எனக்கு எட்டு வயது. மறுவாரமே அப்பா வண்டி கட்டி அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்கார டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்து, உடம்பு இளைக்காவிட்டால் இதயம் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படி இளைப்பது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் இரண்டு மாதச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

பாகூர் பக்கம் எங்களுக்கு நெல்லும் கரும்பும் விளைந்தன. சாப்பாட்டைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அப்பாவின் எண்ணம்.

"கொழுப்பத் துன்னா கொழுப்புதான் வைக்கும். நெய்ய நிறுத்து, எண்ணெய நிறுத்து. தானா எளச்சிருவா" என்றார்.

மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, இது பொறுக்கவில்லை. அவர் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற வேலையில் இருந்தார். டாக்டர்கள் பேசுவது காதில் விழுந்து விழுந்து, தானும் பாதி டாக்டர் ஆகியிருந்தார்.

"அதெல்லாம் இல்ல மாமா. கலோரின்னு ஒண்ணு இருக்குது. கரும்பாலை அடுப்புக்கு வெறகு வைக்கிறோம்ல, அது மாதிரி. நெய்யும் வெறகுதான், சோறும் வெறகுதான். எத்தத் துன்றோம்றது இல்ல, எவ்ளோ துன்றோம்றதுதான்."

"உங்க அக்கா வவுத்துல வெறகு வைக்கச் சொல்றியா மச்சான்?" என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார்.

முதலில் அப்பாவின் வைத்தியம்தான் நடந்தது. வெல்லம் நிறுக்கும் பெரிய தராசில் அம்மாவை உட்காரவைத்து எடை பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் தம்பிகளுக்கும் அது திருவிழா. அம்மாவின் சோற்றுக்கு நெய் நின்றது. அம்மாவுக்கு மட்டும் தாளிக்காத குழம்பு, வறுக்காத கறி. எங்கள் தட்டுகளில் எப்போதும்போல நெய் மிதந்தது.

ஒரு மாதம் கழித்து நிறுத்தால், இன்னொரு சின்னக் கல்லைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. மாமா மீசைக்குள் சிரித்தார்.

அடுத்த மாதம் மாமாவின் முறை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகரக் குவளை கொண்டுவந்தார். வேளைக்கு அந்தக் குவளை நிறையச் சோறு. அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது. நெய் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளலாம். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாதக் கடைசியில் தராசில் அதே கற்கள்தான் நின்றன. இப்போது அப்பா சிரிக்க வேண்டும். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"திருட்டுத்தனமா எதுனா துன்றியா?" என்று கேட்டார்.

அம்மா அடுப்பங்கரைக்குள் போனாள். டாக்டர் சொன்ன வார்த்தை எல்லோர் மனதிலும் இருந்தது. அன்று மாலை அப்பாவும் மாமாவும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா சாப்பிடுவதை மறைந்திருந்து பார்த்துச் சொன்னால் பட்டணத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், நான் நெல் மூட்டைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். அம்மா சாப்பிட்டு அதுவரை நான் பார்த்ததே இல்லை. குவளையால் சோற்றை அளந்து தட்டில் கொட்டினாள். பிறகு எங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். தம்பிகள் மீதம் வைத்த நெய்ச்சோறு, அப்பா ஒதுக்கிய மீன் துண்டு, நான் பிசைந்து வெறுத்துப்போன சாம்பார் சோறு, பானையடியின் காந்தல் எல்லாவற்றையும் வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். ஆசையாகத் தின்றாள் என்று சொல்ல முடியாது. பாத்திரம் கழுவுகிறவளின் அவசரம்தான் இருந்தது.

தும்மல் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"இன்னாடி அங்க பண்ற?" என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "கொட்டறதுக்கு மனசு வர்ல" என்றாள்.

அப்பாவும் மாமாவும் இருந்த மாட்டுக்கொட்டகைக்கு நான் நேரே ஓடினேன். "அம்மா நம்ம தட்டுல மீந்ததெல்லாம் துன்னுது!" என்று கூவினேன். இரண்டு பேரும் பாராட்டுவார்கள் என்று நின்றேன். மாமா வைக்கோலைக் கிளறினார். அப்பா மாட்டின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கடற்கரைப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுதேன்.

அதற்குப் பிறகு அம்மா இளைத்தது உண்மை. அடுத்த பொங்கலுக்குள் ஏரிக்கரை வரை நிற்காமல் நடந்தாள். மாமா அதைக் கலோரி என்றார், அப்பா கொழுப்பு என்றார்.

எனக்கு நினைவிருப்பது, நான் கோள் சொன்னதற்கு மறுநாள் மதியம். அப்பா தன் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தம்பிகளையும் என்னையும் அதட்டிச் சாப்பிடவைத்தார். பிறகு எழுந்திருக்காமல், "நீயும் ஒக்காரு" என்றார்.

"எனக்கு இன்னாங்க அவசரம்?"

"ஒக்காருன்னா."

அவர் பரிமாறிப் பார்த்தது அன்றுதான். கரண்டி பிடிக்கத் தெரியாமல் குழம்பைத் தரையில் சிந்தினார். அம்மா நாலு கவளம் சாப்பிட்டாள். அதற்குள் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து சோற்றில் விழுந்தது. அன்று குழம்புக்கு மிளகாய் அரைத்தவள் நான். காரம் கூடிப்போய்விட்டது, அடி விழப்போகிறது என்று நடுங்கி, தண்ணீர்ச் செம்பை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினேன்.