கோல்பெய்னின் காதுகள்

வால்கெய்ரின் வழுக்கைத் தலைக்குக் கோல்பெய்ன் மும்முரமாக ஹேர் ட்ரையர் பிடித்துக்கொண்டிருந்தார். காய வேண்டிய முடி ஒன்றுகூட அந்தத் தலையில் இல்லை. வால்கெய்ர் தாடியை ஒதுக்கவும், ஓசிக் காபி குடிக்கவும், வம்பளக்கவும் வருகிறவர். அன்றைக்கு, "என் தங்கச்சி பொண்ணுதான் புதுசா ஒரு படத்துக்கு லைட்டு புடிச்சா. கடைசியில என்ன ஆவுதுன்னா..." என்று தொடங்கிவிட்டார். ட்ரையர் உச்ச வேகத்துக்குப் போனது. வால்கெய்ரின் வாய் அசைந்தது, மண்டை சிவந்தது, ஒரு சொல்லும் கோல்பெய்னை எட்டவில்லை. வாய் மூடியதும் ட்ரையரும் நின்றது.

"சூடு தாங்கலப்பா," என்றார் வால்கெய்ர்.

"தாங்கலல்ல? அப்ப பேசாம உக்காரு."

எங்கள் ஊரில் முடி வெட்ட இருப்பது கோல்பெய்னின் கடை ஒன்றுதான். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி ஒன்று தலையில் இருக்கும். அது குளிருக்காக அல்ல, காதுக்காக. ஓர் உளவியல் மர்மப் படத்தைக் கதை துளியும் தெரியாமல், முதலிலிருந்து கடைசிவரை அப்பாவியாகப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. தியேட்டரில் ட்ரெய்லர் ஓடினால் கண்ணை இறுக மூடி, தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகத் தொடங்கிவிடுவார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதை விட்டுப் பல காலம் ஆகிறது.

ஆனால் ஐஸ்லாந்தில் இருந்துகொண்டு இப்படி ஆசைப்படுவது வீண் வேலை. இங்கே யார் படம் எடுத்தாலும் ஒவ்வொரு ஊரிலும் யாருடைய ஒன்றுவிட்ட தங்கையாவது அதில் பிணமாக நடித்திருப்பாள். போதாததற்கு வீட்டில் ரன்வேய்க் இருக்கிறார். நாவல் வாங்கினால் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் மனைவி. "முடிவு தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதியா காபி எறங்கும்" என்பது ரன்வேய்க்கின் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கொலைகாரன் யாரென்று சோபாவில் உட்கார்ந்தபடி கணவர் காதில் சொல்லி வருகிறார். ஒரு முறை "அந்த டாக்டர்தான்" என்று சொன்னபோது, படத்தில் டாக்டர் இன்னும் வரவே இல்லை.

இந்த நிலையில்தான் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, சொற்பக் காசில் எடுத்த உளவியல் மர்மப் படம் ஒன்று எங்கள் தியேட்டருக்கு வந்தது. விளம்பரம் கிடையாது. போஸ்டரில் ஒரு காலி நாற்காலி, அவ்வளவுதான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டே காட்சிகள். கோல்பெய்ன் கடையில் இருந்த எல்லோருக்கும் கத்தரியைக் காட்டி அறிவித்தார்: "இதுதாம்ப்பா என் படம். எவனாவது கெடுத்தீங்க, பாதித் தலையோட வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அதோடு நிற்கவில்லை. நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். காலையில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாத ஆளை எங்கள் ஊரில் நல்ல உடம்புக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். முதல் நாள் அவருக்கு இடுப்புப் பிடிப்பு என்றார்கள். மறுநாள் ரன்வேய்க்கோடு சண்டை என்றார்கள். ரன்வேய்க் அந்தக் குளத்திலேயே வேலை பார்ப்பவர்தான். மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டே துண்டு மடித்தார். பக்கத்து வீட்டு ஹல்டோரா மனசு கேட்காமல் ஆட்டுக்கறி சூப் வைத்துக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினார். கோல்பெய்ன் சூப்பை வாங்கிக்கொண்டு, ஹல்டோரா வாயைத் திறக்குமுன் கதவைச் சாத்தினார்.

"பாவம், ரொம்ப முத்திப்போச்சு," என்று ஹல்டோரா தொட்டியில் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

ஞாயிறு முதல் காட்சிக்கு அவருக்குப் பக்கத்து இருக்கையில் நான். ரன்வேய்க்குக் குளத்தில் வேலை, இரண்டாம் காட்சிக்குத்தான் வர முடியும். விளக்கு அணைந்த பிறகே தொப்பி காதுக்கு மேலே ஏறியது. திரையில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். கோல்பெய்ன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் கதவை மூடினாள். அதற்கும் பிடித்தார்.

"அவ தம்பிதான்," என்று கிசுகிசுத்தார். கொஞ்ச நேரத்தில், "தம்பி இல்ல, தபால்காரன்." அதற்கப்புறம் நாயைக்கூடச் சந்தேகப்பட்டார்.

இடைவேளைதான் பெரிய கண்டம். வெளியே பாப்கார்ன் வரிசையில் ஆளுக்கொரு முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோல்பெய்ன் இருக்கையை விட்டு அசையவில்லை. தொப்பி கீழே, கண் மூடல், "ம்ம்ம்." வால்கெய்ர் வரிசைக்குள் நுழைந்து, "கோல்பெய்ன், ஒரே ஒரு விஷயம்..." என்று குனிந்தார். நான் என் அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினேன். ஓசியில் வந்ததை வால்கெய்ர் விட மாட்டார். கைநிறைய அள்ளி வாயில் போட்டார். அது பல்லோடு பல்லை ஒட்டிவிட, படம் முடியும்வரை ஊமையாக இருந்தார்.

முடிவு என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் இன்னும் படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள், எனக்கும் முடி வெட்டிக்கொள்ள வேறு கடை கிடையாது. விளக்கு வந்தபோது கோல்பெய்னின் கன்னமெல்லாம் ஈரம் என்று மட்டும் சொல்கிறேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா. கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியல," என்றார். ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷமாகத் தோற்று நான் பார்த்ததில்லை.

வெளியே ஜூன் மாத வெயிலில் கண் கூசியது. இரண்டாம் காட்சி வரிசையில் முதல் ஆளாக, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட ரன்வேய்க்.

"கோல்லி," என்று கணவரைச் செல்லமாகக் கூப்பிட்டார், "யாருன்னு சொல்லிடு. தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனா நிம்மதியா உக்காருவேன்."

கோல்பெய்ன் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்து சோபாப் பாக்கியும் நாக்கு நுனிக்கு வந்து நின்றதை நான் பார்த்தேன். அதற்குள் எங்கள் பின்னால் வால்கெய்ர் கடைசி மிட்டாயை விழுங்கித் தொண்டையைக் கனைத்தார்.

"அவன் கிடக்கான், நான் சொல்றேன் கேளு ரன்வேய்க். அந்த நாற்காலியில இருந்தது..."

கோல்பெய்ன் தன் தொப்பியைப் பிடுங்கினார். ரன்வேய்க்கின் ஈரத் தலையில் மாட்டிக் காதுக்குக் கீழே வரை இழுத்தார். இரண்டு உள்ளங்கையாலும் அதன்மேல் பொத்தி, "ம்ம்ம்" என்று உரக்க முனகியபடியே மனைவியைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்.