முனியாண்டியின் லோரிக்குத் தனிக் கார்டு வேண்டுமா?

1. முதல் நாள்

நான் கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் மருமகள் கலா ஒரு பெயிண்ட் பிரஷை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அத்தை, இந்த ஃபேன்ல இருக்கிற தூசிய எடுங்க. அழுத்தாதீங்க."

மலைமேல் இருக்கிற இந்த பிரிஞ்சாங் டவுனில் அது அவளுடைய கடை. அவள் முதலாளி, நான் வேலையாள். தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற மெஷின் பக்கத்தில் பாதி ஆயுசை நின்று கழித்தவளுக்குத் தூசியைப் பற்றி ஒருத்தி சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டேன். முதலாளி என்றால் முதலாளிதான்.

எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். இங்கிலீஷ் வராது. ஆனால் எந்த ஒயர் எதில் போகும் என்று அதன் முனையைப் பார்த்தாலே தெரியும். தப்பான ஓட்டையில் அது போகாது, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் கேஸைத் திறப்பது, ரேம் மாட்டுவது, ப்ரோசசர் மேல் சூடு கடத்துகிற பேஸ்ட் தடவுவது எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. பேஸ்ட் தடவுவதில் என்னை மிஞ்ச அந்த டவுனில் ஆள் இல்லை. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

வேலை பழக வருகிறவர்கள் அடிக்கடி ஒன்று கேட்பார்கள். கையில் காசு கம்மியாக இருக்கிற ஆளுக்கு கேம் கம்ப்யூட்டர் செய்தால், தனி கிராபிக்ஸ் கார்டு போடுவதா, ப்ரோசசருக்கு உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் போதுமா? அவர்களுக்கு நான் சொல்வது முனியாண்டியின் கதை.

2. கோபிஸ் பெட்டிக்குள் ஸ்டீரிங்

ஒரு மழை நாளில், கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், அடுக்குகிற அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் கைத்தடியோடு உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டீரிங், இரண்டு பெடல்.

"ஸ்டீரிங் இருக்குக்கா. கம்ப்யூட்டர்தான் வேணும்" என்றார்.

கலா சிரித்துவிட்டாள். "சக்கரம் வாங்கிட்டு லோரி தேடுறீங்களா அங்கிள்?"

"லோரிதான்மா ஓட்டணும்."

கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர் அவர். பெயர் முனியாண்டி. சர்க்கரை வியாதியில் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கக் கால் இல்லை என்று லோரியை விட்டு இறங்கியவர், எஸ்டேட் லயத்து வீட்டில் தனியாக இருந்தார். மனைவி இறந்து போயிருந்தார். ஒரே மகன் செல்வம் சிங்கப்பூரில் வேலை.

"போன் அடிச்சா, 'சாப்டீங்களா, மருந்து போட்டீங்களா' அவ்வளவுதான்கா. வெச்சிருவான். போன தீபாவளிக்கு வந்தப்ப அவன் கம்ப்யூட்டர்ல லோரி ஓட்டுறதப் பக்கத்துல உக்காந்து பாத்தேன். கூட்டாளிங்களோட வரிசையாப் போறானுங்க. காதுல மைக்க மாட்டிக்கிட்டு என்னா பேச்சு, என்னா சிரிப்பு! எம் மகன் அவ்வளவு பேசுவான்னு எனக்கே தெரியாது. நானும் ஓட்டட்டுமாடான்னேன்.  திரும்பிப் போயி இதப் பார்சல்ல அனுப்பியிருக்கான்."

பெடலில் கிளட்ச் இல்லாமல் வாங்கியிருக்கிறான் பையன். அதை நான் அப்போதே கவனித்தேன்.

3. எனக்கும் முதலாளிக்கும் சண்டை

அவர் கொண்டுவந்த காசுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை எடுத்து அதில் செகண்ட்ஹேண்ட் கார்டு ஒன்றை மாட்டுவது. இன்னொன்று, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற புது ப்ரோசசர் போடுவது.

தனிக் கார்டு தனிக்குடித்தனம் மாதிரி. அதற்கென்று சொந்த மெமரி, சொந்த ஃபேன். படம் நன்றாக வரும். ஆனால் கரண்ட் அதிகம் தின்னும், சூடு அதிகம். உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் கூட்டுக்குடும்பம். தனக்கென்று மெமரி கிடையாது, ரேமில் பங்கு கேட்கும். அதனால்தான் அப்படிச் செய்யும்போது ஒரு பெரிய ரேமுக்குப் பதிலாக ஜோடியாக இரண்டு போட வேண்டும். ஒன்றே ஒன்று போட்டால் படம் நொண்டும். இதைப் பழகுகிறவர்கள் மறக்கக்கூடாது.

"கார்டு போடு கலா. கேமுக்கு கார்டு இல்லாம எப்படி?" என்றேன்.

"அத்தை, அந்தக் கார்டை எவன் எப்படிப் போட்டு வதைச்சானோ, யாருக்குத் தெரியும்? லயத்து வீட்டு ஒயரிங்கும் பழசு. இது போதும்லா."

"போதும் போதும்னுதான் நீ எல்லாத்தையும் சொல்வ. சாம்பாருக்குப் புளியையும் அப்படித்தான் போடுற."

முனியாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அக்கா, மலை, மரம்லாம் அழகாத் தெரியணும்னு இல்ல. முன்னால போற லோரி பிரேக் போட்டா அந்த நிமிஷமே எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

லோரிக்காரர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். படத்தின் அழகைக் குறைத்து வைத்தால் உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் அதைச் செய்யும். கலா சொன்னபடியே செய்தோம். ரேம் ஜோடியாகப் போட்டேன். பின்னாளில் வேண்டுமென்றால் கார்டு மாட்ட இடமும் விட்டுவைத்தோம். கடையில் ஓட்டிப் பார்த்தபோது சிக்கல் இல்லாமல் ஓடியது.

4. அலமாரி

அடுத்த வாரம் முனியாண்டியிடமிருந்து போன் வந்தது. குரலில் உயிர் இல்லை.

"முதல்ல நல்லாத்தான்கா ஓடுது. கொஞ்ச நேரம் போனா படம் ஒட்டிக்கிட்டு நிக்குது. செல்வம் வண்டி போயிருது, நான் நடு ரோட்டுல நிக்கிறேன். கூட்டாளிங்க காத்துக்கிட்டு இருக்கானுங்க. நேத்து, 'பரவால்லப்பா, விடுங்க, போன்லயே பேசிக்கலாம்'னுட்டான்."

போனில் அவர்கள் என்ன பேசுவார்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியுமே.

"அவன் பேசுறது விட்டு விட்டுக் கேக்குதா?" என்று கலா கேட்டாள்.

"பேச்சு நல்லாத்தான்மா கேக்குது."

அப்படியென்றால் இன்டர்நெட் கோளாறு இல்லை. கலாவின் முகம் சுருங்கியது. நான் சும்மா இருக்கவில்லை. "அப்பவே சொன்னேன், கார்டு" என்றேன். அந்த செகண்ட்ஹேண்ட் கார்டைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மேசைமேல் திரையும் ஸ்டீரிங்கும் இருந்தன. கம்ப்யூட்டரைக் காணோம்.

"எங்க தம்பி வெச்சிருக்கீங்க?"

பெருமையோடு துணி அலமாரியைக் காட்டினார். இரண்டு கதவும் சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக ஒயர்கள் வெளியே வந்தன. திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. வேட்டி சட்டைக்கு நடுவில் கம்ப்யூட்டர். அதற்கு மேலே மஞ்சளாக ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

வெளியூர் ஆள் பார்த்தால் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மலைக் குளிரில் அலமாரியில் பல்பு போடாவிட்டால் பட்டுப்புடவையில் பூஞ்சணம் பூத்துவிடும். என் வீட்டு அலமாரியிலும் எரிகிறது. நல்ல பொருளை எங்கே வைப்போம்? பல்பு இருக்கிற அலமாரியில்தான்.

"பனியில கெட்டுறக் கூடாதேன்னு..." என்றார். "சாமான் புதுசுக்கா."

"தம்பி, அதுக்கு ஏற்கனவே காய்ச்சல். நீங்க கம்பளி வேற போத்திட்டீங்க."

ஓடும்போது ப்ரோசசர் சூடாகும். ஃபேன் அந்தச் சூட்டை வெளியே தள்ளும். வெளியே என்பதே அலமாரியாக இருந்தால் எங்கே தள்ளும்? சூடு தாங்காமல் ப்ரோசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் படம் நின்றது. என் கார்டை மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரமாகவே நின்றிருக்கும். முதலாளி சொன்னதுதான் சரி. பையைத் திறக்கவே இல்லை.

கம்ப்யூட்டரைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றுப் போகிற மாதிரி. அன்று ஞாயிற்றுக்கிழமை, செல்வத்துக்கு லீவு. முனியாண்டி கூப்பிட்டார். அவன் முதலில் தயங்கினான், பிறகு வந்தான். நானும் கேட்கவேண்டும் என்று சத்தத்தை ஸ்பீக்கரில் வைத்தார்.

இருபது நிமிஷம் போனது. படம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனது.

"ப்பா, இன்னிக்கு படம் ஒட்டலயா?"

"இல்லடா. ஓடுது."

"அப்ப நீங்க முன்னால போங்கப்பா. நான் பின்னால வரேன்."

 முனியாண்டி நிமிர்ந்து உட்கார்ந்து இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்துவிட்டு முன்னால் ஏறினார். அதற்குப் பிறகு பையன் பேசினான். சூப்பர்வைசர் திட்டியது, ரூமில் மூட்டைப்பூச்சி, ஒரு பெண்ணைப் பிடித்திருப்பது எல்லாம் வந்தது. அப்பா ரோட்டையே பார்த்தபடி, "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அக்கா, அடுப்புல டீ இருக்கு, ஊத்திக் குடிங்க. நான் ஏந்திரிக்க முடியாது. லோரி ஓடிக்கிட்டு இருக்கு."

ஊற்றிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும், கார்டா, உள்ளேயே இருப்பதா என்ற பேச்சை எடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்கிறேன். இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்? யாரோடு விளையாடப் போகிறீர்கள்? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதற்குச் சில பேர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார்கள். அவசரப்படுத்தாதீர்கள். நான் பிரஷை எடுத்து ஏதாவது ஒரு ஃபேனைத் துடைத்துக்கொண்டு இருப்பேன்.